கணனிக்கு ஏன் இந்த மறதி?

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எண்ணெய் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் போதாது என்று ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்கள். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கட்டு, அந்தப் பக்கம் காசல்ரீ, மவுசாகலை, லக்சபான என்று நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கிற தண்ணீர் எமது மலைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. இருந்தும் லயத்தில் குப்பி விளக்குத்தான்.

அந்த நாட்களில் ஒருநாள் திம்புள்ள பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீசுக்கு வேறு வேலையாகப் போயிருந்தோம். கிளாக்கர் தம்பி காலையிலிருந்து கணனிக்கு முன்னால் உட்கார்ந்து செக்ரோலை ஏற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், யார் எத்தனை கிலோ கூடுதலாக எடுத்தது என்று எல்லாம் அதில்தான். அறிவித்த நேரப்படி கரண்ட் போக இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. ஆனால் அது முன்னாலேயே போய்விட்டது. மேசைக்குக் கீழே இருந்த யூ.பி.எஸ். பெட்டி ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. அதன் பேட்டரி செத்து எத்தனை மாதமோ தெரியாது.

"காலையில இருந்து ஏத்துனது அவ்வளவும் போயிருச்சு" என்று அந்தத் தம்பி தலையில் கை வைத்தார். முற்பணம் பற்றிக் கேட்க வந்து இஸ்தோப்பில் நின்ற ஓர் அக்கா எட்டிப் பார்த்து, "நேத்து ஏத்துனது இருக்குதுன்னு சொல்றீங்க, இன்னைக்கு ஏத்துனது மட்டும் எப்படிங்கய்யா போகும்? ரெண்டும் அதே பெட்டிக்குள்ளதானே இருந்துச்சு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அன்றைக்கு எம்மால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் கணனி வகுப்புக்குப் போகும் இந்தக் காலத்தில் பெற்றோருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது என்றுதான் இதை எழுதுகிறோம்.

கணனிக்குள் எழுதி வைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று டிஸ்க். அதில் எழுதினால் கரண்ட் போனாலும் இருக்கும், ஆபீஸ் அலமாரியில் இருக்கும் பெரிய செக்ரோல் புத்தகம் மாதிரி. மற்றது நினைவகம். வேலை நடக்கும்போது எல்லாம் இதில்தான் விரித்து வைக்கப்படுகிறது. கிளாக்கர் தம்பி விரலால் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தும் முதலில் நினைவகத்தில்தான் விழும். 'சேவ்' என்று கட்டளை கொடுத்த பிறகுதான் டிஸ்க்குக்குப் போகும். நேற்றையது சேவ் ஆனது, இன்றையது ஆகவில்லை. அக்காவின் கேள்விக்கு மேலோட்டமான பதில் இவ்வளவுதான்.

ஆனால் இதற்குக் கீழே இன்னொரு சங்கதி இருக்கிறது. கரண்ட் போனால் நினைவகம் மறக்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கரண்ட் இருக்கும்போதே அது மறந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு செக்கனிலும் பல தடவை யாரோ ஒருவர் அதற்கு நினைவூட்டிக்கொண்டே இருப்பதால்தான் அந்த மறதி எமக்குத் தெரிவதில்லை.

எப்படி என்று பார்ப்போம். நினைவகத்துக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மின்சாரக் குடங்கள். குடம் நிறைந்திருந்தால் 'ஒன்று', வெறுமையாக இருந்தால் 'பூச்சியம்'. இப்படி எட்டுக் குடம் சேர்ந்தால் ஓர் ஆங்கில எழுத்து. பெயர், கிலோ, சம்பளம் எல்லாமே இந்தக் குடங்களின் வரிசைதான். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு குடத்திலும் ஊசித்துளை மாதிரி ஓர் ஒழுக்கு உண்டு. நிறைத்து வைத்த குடம் சிறிது நேரத்தில் அரைக்குடம் ஆகும், அப்புறம் வெறுங்குடம் ஆகும். 'ஒன்று' என்று எழுதியது 'பூச்சியம்' ஆகிவிடும். முழுப்பேர் போட்ட ஆளுக்குப் பேரே இல்லாமல் போவது மாதிரி!

ஒழுகாத நினைவகம் செய்ய முடியாதா என்று கேட்கலாம். முடியும், அப்படி ஒன்றும் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குடத்துக்குப் பொதுவாக ஆறு ட்ரான்சிஸ்டர் வேண்டும். ஒழுகுகிற வகைக்கு ஒரு ட்ரான்சிஸ்டரும் மின்னேற்றம் வைக்கும் சிறு பாத்திரமும் போதும். இந்த வகையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பனியில் வேலை செய்த ரொபேர்ட் டென்னார்ட். 1968இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் கம்பனி, குடத்துக்கு மூன்று ட்ரான்சிஸ்டர் வைத்த, ஆனால் இதேபோல ஒழுகுகிற 1103 என்ற சிப்பை விற்பனைக்கு விட்டது. டென்னார்ட் 2024இல்தான் காலமானார். இன்று உலகத்தில் உள்ள அநேகமாக எல்லாக் கணனியிலும், உங்கள் மடியில் கட்டியிருக்கும் போனிலும் அவருடைய ஒழுகும் குடங்கள்தான் வேலை செய்கின்றன. மலிவு என்றபடியால் மறதியைப் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்தக் குடங்கள் தாறுமாறாகக் கிடப்பதில்லை. மலையில் தேயிலை நிரை போட்டிருப்பது போல நிரை நிரையாக இருக்கின்றன. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி. கணனியில் போட்ட சிப் ஒன்றுக்குள் 128 நிரை, நிரைக்கு 128 குடம். பெருக்கிப் பாருங்கள், 16,384 வரும். அந்தக் கணனியின் போர்டில் இப்படியான சிப் ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசை வைக்க இடம் இருந்தது. எட்டு இருந்தால் போதுமே, ஒன்பதாவது எதற்கு? அது சரிபார்க்க. எட்டுக் குடத்தில் எத்தனை நிறைந்தது என்பது ஒற்றையா இரட்டையா என்று ஒன்பதாவதில் குறித்து வைப்பார்கள். மடுவத்தில் நிறுத்த கிலோவும் ஸ்டோரில் நிறுத்த கிலோவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது போலத்தான். ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கணனி திரையில் ஓர் அறிவித்தலைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். பிழையான கணக்கைச் சொல்வதைவிட வேலையை நிறுத்துவது மேல் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். எமக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இனி நினைவூட்டும் முறை. இந்த நினைவகத்தில் ஒரேயொரு குடத்தை மட்டும் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு குடத்தை வாசிக்க வேண்டுமென்றால் அந்த நிரை முழுவதையும் திறக்க வேண்டும். திறந்தவுடன் நிரையிலுள்ள எல்லாக் குடங்களின் தண்ணீரும் கீழே கொட்டிவிடும். ஆனால் ஒவ்வொரு குடத்துக்கும் நேராக ஒரு காவல்காரன் நிற்கிறான். கொட்டியது அரைக்குடத்துக்கு மேல் என்றால் 'இது நிறைகுடமாக இருந்தது' என்று தீர்மானித்து முழுசாக நிரப்பிவிடுவான். அதற்குக் குறைவென்றால் வெறுமையாகவே விடுவான். ஆகவே ஒரு நிரையை வாசித்தாலே போதும், அந்த நிரை முழுவதும் புதுசாக நிரம்பிவிடும். வாசித்ததை யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கணனியின் சிப்களுக்கு இருந்த கெடு செக்கனில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதற்குள் 128 நிரையையும் ஒரு சுற்று வாசித்து முடிக்க வேண்டும். அரைக்குடத்துக்குக் கீழே இறங்கிய பிறகு போனால் காவல்காரனுக்கே தெரியாது, வெறுங்குடம் என்று விட்டுவிடுவான்.

இந்தச் சுற்றை யார் போவது? இங்கேதான் டி.எம்.ஏ. என்ற இன்னோர் ஆள் வருகிறார். அவர் முதலில் எதற்காக வைக்கப்பட்டார் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறோம்.

கணனியின் மூளையான புரொசெசரை ஸ்டோர்க் கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து லொறி வருகிறது. ஒவ்வொரு சாக்கையும் கணக்கப்பிள்ளையே லொறியிலிருந்து இறக்கி, தானே தோளில் சுமந்து, மேல்மாடி வாட்டுத் தட்டுக்குக் கொண்டுபோனால் எப்படி இருக்கும்? கணக்கு எழுத யார்? டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வோர் எழுத்தையும் புரொசெசரே வாங்கி நினைவகத்தில் வைப்பது அந்த மாதிரித்தான். அதற்குப் பதில் ஒரு கங்காணியைக் கூப்பிட்டு, 'இந்த லொறி, இத்தனை சாக்கு, இன்ன தட்டிலிருந்து அடுக்கிக்கொண்டு போ, முடிந்ததும் வந்து சொல்' என்று விட்டுவிடலாம். அந்தக் கங்காணிதான் டி.எம்.ஏ. சிப். நினைவகத்தை நேரடியாக அணுகுதல் என்பதுதான் பெயரின் பொருள். ஐ.பி.எம். கணனியில் இருந்தது இன்டெல் 8237 என்ற சிப். தொடங்கும் இடம், எண்ணிக்கை, உள்ளே கொண்டுபோவதா வெளியே எடுப்பதா என்ற மூன்றையும் புரொசெசர் எழுதிக் கொடுத்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று. ஸ்டோருக்குப் போகும் பாதை தோட்டத்து ஒற்றைப் பாதை. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். கங்காணி வரும்போது கணக்கப்பிள்ளை ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். டி.எம்.ஏ. 'வழி விடுங்கள்' என்று கேட்கும். புரொசெசர் கையில் எடுத்த அடியை முடித்துவிட்டு 'சரி, போ' என்று விலகும். ஓர் எழுத்து போகும். பாதை மறுபடி புரொசெசருக்கு. முழு லொறிக்கும் ஒரேயடியாக மறிப்பதில்லை, ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு கணம் மட்டும்.

புளொப்பி டிஸ்க்குக்கு இது கட்டாயம் தேவைப்பட்டது. டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்கும், யாருக்காகவும் நிற்காது. செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் 32 பங்குக்கு ஒருதரம் ஓர் எழுத்து வந்து விழும். ஏந்தாவிட்டால் போச்சு. 1983 நவம்பரில் அதே கம்பனி விலை குறைந்த 'பி.சி. ஜூனியர்' என்ற கணனியை அறிவித்தது. செலவைக் குறைக்க அதில் டி.எம்.ஏ. சிப்பை விட்டுவிட்டார்கள். விளைவு, புளொப்பி ஓடும் நேரத்தில் புரொசெசருக்கு வேறு எதையும் பார்க்க நேரமில்லை. அந்த நேரம் விசைப்பலகையில் தட்டினால் எழுத்து தவறிப் போகும். கணக்கப்பிள்ளை சாக்குச் சுமக்கப் போனால் மடுவத்தில் பேர் பதிய ஆள் இல்லை என்பதை அந்தக் கணனி வாங்கியவர்கள் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது நிரைச் சுற்றுக்கு வருவோம். 8237 சிப்பில் நான்கு வழிகள் உண்டு, நான்கு கங்காணிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஐ.பி.எம். ஆட்கள் முதலாவது கங்காணியை, அதாவது பூச்சியம் என்று எண்ணிடப்பட்டவரை, நிரை வாசிக்கும் வேலைக்கே ஒதுக்கிவிட்டார்கள். இவர் எதையும் சுமப்பதில்லை. சும்மா நிரை நிரையாக வாசித்துக்கொண்டே போவார், வாசித்ததை வாங்க ஆளில்லை. வாசித்தாலே குடம் நிரம்பும் என்பதுதானே விசயம். இதற்கென்று தனி இயந்திரம் செய்யாமல், கையில் இருந்த டி.எம்.ஏ.யை வைத்தே காரியத்தை முடித்தது கெட்டித்தனம் என்றே சொல்ல வேண்டும்.

அவருக்கு நேரம் சொல்ல 8253 என்ற இன்னொரு சிப். காலையில் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற மாதிரி இது தட்டிக்கொண்டே இருக்கும். அதில் மூன்று தப்பு. ஒன்று நாள் நேரம் காட்ட, ஒன்று ஒலிபெருக்கியில் சத்தம் போட, நடுவில் உள்ளது நிரைக் கங்காணிக்கு. கணனியின் புரொசெசருக்குச் செக்கனுக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்பு. ஒவ்வொரு 72 துடிப்புக்கும் ஒருதடவை நடுத்தப்பு அடிக்கும். அதாவது செக்கனின் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு ஒருமுறை. 128 நிரைக்கும் ஒரு சுற்று முடிய ஆயிரத்தில் 1.93 பங்கு ஆகும். கெடு இரண்டு பங்கு என்று மேலே சொன்னோம். எவ்வளவு ஒட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு தடவையும் நான்கு துடிப்பு நேரம் பாதை கங்காணியிடம் இருக்கும். 72க்கு 4 என்றால் நூற்றுக்கு ஐந்தரை. அந்த நேரம் புரொசெசருக்குப் பாதை இல்லை. அந்தக் காலத்தில் சில கெட்டிக்காரர்கள் நடுத்தப்பை மெதுவாக அடிக்கும்படி மாற்றி, கணனியைக் கொஞ்சம் வேகப்படுத்தினார்கள். சிப்கள் பெரும்பாலும் கெடுவைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும் என்பதால் அது பலருக்குச் சரிவந்தது. ஆனால் சம்பளக் கணக்குப் போடும் கணனியில் அப்படி விளையாடுவதை நாம் விரும்பமாட்டோம்.

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. 1977இல் வந்த அப்பிள் இரண்டு என்ற கணனியில் ஸ்டீவ் வொஸ்னியாக் வேறு விதமாகச் செய்தார். திரையில் படம் காட்ட எப்படியும் நினைவகத்தை ஓயாமல் வாசிக்கத்தான் வேண்டும், அந்த வாசிப்பே எல்லா நிரையையும் தொட்டுப் போகும்படி ஒழுங்கு பண்ணிவிட்டார். புரொசெசருக்கு ஒரு கணமும் நட்டமில்லை.

ஐ.பி.எம். கம்பனியே 1984இல் செய்த 'ஏ.டி.' கணனியில் நிரை வாசிக்கத் தனி ஏற்பாடு வந்தது. டி.எம்.ஏ. சிப்பும் இரண்டாகியது. ஆனால் ஒரு வேடிக்கை, அதற்குள் புரொசெசர் வேகமாகிவிட்டது, கங்காணி பழைய நடைதான். ஆகவே அதில் ஹார்ட் டிஸ்க் வேலையைப் புரொசெசரே செய்தது, அதுதான் சீக்கிரம் முடிந்தது. பிறகு 1990களில் டிஸ்க்குகள் தாமே வேகமாகச் சுமக்கப் பழகிய பிறகுதான் அந்தச் சுமை மறுபடி புரொசெசரின் தோளிலிருந்து இறங்கியது.

இன்றைய கணனிகளில் இந்த வேலை பெரும்பாலும் புரொசெசர் சிப்புக்குள்ளேயே ஒரு பகுதியாக இருக்கிறது. குடங்கள் அப்போதையதைவிட நீண்ட நேரம் தாங்கும், சாதாரணமாகச் செக்கனில் ஆயிரத்தில் 64 பங்குக்குள் ஒரு சுற்று போதும். சூடு கூடினால் ஒழுக்கும் கூடும் என்பதால் நினைவகம் மிகவும் சூடானால் இரண்டு மடங்கு அடிக்கடி போகவேண்டும். போன் திரை அணைந்து சட்டைப்பையில் கிடக்கும்போதுகூட அதன் நினைவகம் தனக்குத்தானே இந்தச் சுற்றைப் போய்க்கொண்டிருக்கிறது. சும்மா கிடந்த போனின் சார்ஜ் எப்படி இறங்கியது என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

சூட்டைச் சொன்னோம், குளிரையும் சொல்லவேண்டும். 2008இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கரண்டை நிறுத்திய பிறகும் நினைவகத்தில் எழுதியது சில செக்கன் வரை அழியாமல் இருப்பதைக் காட்டினார்கள். பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை வரை குளிர வைத்தபோது நிமிடக்கணக்கில் இருந்தது. நுவரெலியாக் குளிர் அதற்குப் போதாது, வீணாக நம்பியிருக்க வேண்டாம். கணனியை அணைத்தால் பத்து செக்கன் பொறுத்துப் போடு என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதற்குப் பின்னாலும் குடங்கள் முழுசாக வடியட்டும் என்ற இந்தக் கணக்கு உண்டு.

ஆனால் குடத்தில் தண்ணீர் மிஞ்சியிருந்தாலும் கிளாக்கர் தம்பிக்கு உதவாது. கரண்ட் போனவுடன் தப்பும் நின்றது, கங்காணியும் நின்றார், காவல்காரர்களும் இல்லை. கரண்ட் திரும்பி வரும்போது கணனி முதல் வேலையாக நினைவகத்தைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். ஒரு செக்கன் வெட்டும் ஒன்றுதான், 13 மணித்தியால வெட்டும் ஒன்றுதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால்தான் நாடு முழுவதும் இருளானது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அது ஞாயிற்றுக்கிழமை. கிழமை நாளாக இருந்திருந்தால் எத்தனை ஆபீசில் எத்தனை பேர் தலையில் கை வைத்திருப்பார்களோ!

அன்று அந்த ஆபீசில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். பொக்கட் செக்ரோல் கையில் இருந்தபடியால் கிளாக்கர் தம்பி மறுநாள் விடியற்காலை கரண்ட் இருந்த நேரத்தில் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார். அவசரத்தில் இரண்டு பேருடைய மேலதிகக் கிலோ விடுபட்டுப் போயிற்று. ஒருவர் முந்திய நாள் கேள்வி கேட்ட அந்த அக்காவேதான். மடுவத்தில் கொடுத்த நிறுவைத் துண்டை அவர் தேத்தூள் டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். கொண்டுவந்து மேசையில் வைத்தார், தம்பி பார்த்தார், சேர்த்துக்கொண்டார். மற்றவர் துண்டை வைத்திருக்கவில்லை, மடுவக் கணக்கைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் சென்றது.

அடுத்த மாதம் போனபோது யூ.பி.எஸ். பெட்டிக்குப் புதுப் பேட்டரி போட்டிருந்தார்கள். கிளாக்கர் தம்பி ஒவ்வொரு பத்துப் பேருக்கும் ஒருதரம் சேவ் கொடுத்துக்கொண்டிருந்தார். எம்மிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை கொடுத்ததைப் பார்த்தோம்.